பெல் அடித்தால் எழுந்திருக்கும் மேனேஜர்

எங்கள் ரெஸ்டாரண்டில் நான்கு மேனேஜர்கள், ஒரே ஒரு சர்வர். இதைச் சொன்னாலே மீதிக் கதை உங்களுக்கு விளங்கிவிடும்.

போன வருடம் வரை நான் சூப்பர்வைசர். எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஓவர்டைம் உண்டு. ஒரு நாள் முதலாளி கூப்பிட்டு, கையைக் குலுக்கி, மேனேஜர் என்று எழுதிய பேட்ஜைக் கொடுத்தார். மேனேஜருக்கு ஓவர்டைம் கிடையாது, சட்டமே அப்படித்தானாம். வேலை மட்டும் மாறவில்லை. அதே தட்டு, அதே துடைக்கிற துணி, கழிப்பறைக்கு அதே பினாயில். நேரம்தான் பன்னிரண்டு மணியாக நீண்டது. என் வீட்டுக்காரர், “மேனேஜர் மேடம், ஒரு டீ கிடைக்குமா” என்று கிண்டலடிப்பார். அப்போது அவருக்கு வேலை இருந்தது. இப்போது முதுகில் ஆபரேஷன் ஆகி ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். என் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது.

எங்களில் ஒருவரை மீசை என்று கூப்பிடுவோம். அவர் பொறுத்துப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு, பேருக்குத்தான் மேனேஜர், பார்ப்பதெல்லாம் சர்வர் வேலை, ஓவர்டைமும் இல்லை என்று தொழிலாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்துவிட்டார். விசாரிக்க இன்று பதினோரு மணிக்கு ஆபீசர் வருவதாகத் தகவல். மற்ற இருவருக்கும் மாலை ஷிஃப்ட் என்பதால் அகப்பட்டது நான். காலையிலேயே முதலாளி என்னை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“ஆள் எடுக்கிறது யாரு?”

“நான்.”

“நிறுத்துறது?”

“நான்.”

“நாள் பூரா என்ன வேலை?”

“மேற்பார்வை. எல்லாம் நான்னா, நீங்க யாரு சார்?”

அவர் சிரிக்கவில்லை. “விளையாடாதீங்க. ஒரு வார்த்தை மாறிச்சுன்னா நாளையிலேருந்து வர வேண்டாம்.”

ஆபீசரம்மா பதினோரு மணிக்கு வரவில்லை. சாப்பாட்டுக் கூட்டம் முட்டி மோதுகிற பன்னிரண்டரைக்கு வந்தார். கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். முதலாளி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

“ஆள் எடுக்கிறது, நிறுத்துறது எல்லாம் யாரும்மா?”

“நான்தாங்க.” ஆபீசரம்மா எழுதிக்கொண்டார். மீசையின் முகம் கண்முன் வந்தது. வெட்கமாக இருந்தது.

“தட்டு எடுக்கிறது, மேஜை துடைக்கிறதெல்லாம் உண்டா?”

“இல்லைங்க. மேற்பார்வை மட்டும்தான்.”

அந்த நேரம் பார்த்து சமையலறை ஜன்னலில் பெல் அடித்தது. மூன்று முறை. எங்கள் இடத்தில் ஒரு முறை அடித்தால் சர்வருக்கு, மூன்று முறை அடித்தால் மேனேஜருக்கு. ஒரு நிமிடத்துக்கு மேல் தட்டு ஜன்னலில் நிற்கக் கூடாது. முதலாளியே வைத்த விதி. எனக்கு அவ்வளவு பாடம் நடத்தியவர், உள்ளே இருந்த சமையல் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்திருந்தார்.

எழுந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, பழக்கத்தில் கால் தானாகப் போய்விட்டது. இடது கையில் மூன்று தட்டு, வலது கையில் ஒன்று. ஏழாம் மேஜையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, பக்கத்து மேஜையையும் துடைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். துணி என் தோளில் கிடந்தது. ஆபீசரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கே உறைத்தது.

“இன்னைக்கு ஆள் குறைச்சல் மேடம்,” என்றார் முதலாளி.

“அவங்க சொல்லட்டும் சார்.”

வீட்டில் படுத்திருப்பவரை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினால் போதும். ஆனால் அதே பொய்யை இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை.

“தினமும் இதுதாங்க. ஆள் எடுக்கிறதெல்லாம் எனக்குத் தெரியாது. நேத்து நாலு கிளாஸ் உடைஞ்சுது. புதுசு எடுக்கலாமான்னு கேக்க, இவருக்கு மூணு தடவை போன் பண்ணேன்.”

முதலாளியின் முகம் சிவந்தது. எதிரே யார் இருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டார்.

“நாளையிலேருந்து நீ வராதே.”

ஒரு வருடமாக நீங்க போட்டவர் ஒரு நொடியில் நீ போட்டார். எனக்கு வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

ஆபீசரம்மா ஃபைலில் ஒரு பக்கம் பின்னால் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார். “ஆளை நிறுத்துறது இவங்கதான்னு எழுதியிருக்கேன் சார். அதை அடிச்சிட்டு உங்க பேரைப் போட்டுக்கட்டுமா?”

மறுபடி பெல் அடித்தது. மூன்று முறை. என் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு மூன்று. கடைசியில் முதலாளியே எழுந்து போய், கைக்கு ஒரு தட்டாக எடுத்துக்கொண்டு, ஒன்பதாம் மேஜை எது என்று தெரியாமல் நடு ஹாலில் நின்றார்.

“தெரு ஜன்னலோரம் சார், ரெண்டாவது,” என்றேன், உட்கார்ந்தபடியே.

ஒரு வருடத்தில் நான் பார்த்த முதல் மேற்பார்வை வேலை அதுதான்.