இறங்குமுகம்

1

இந்தக் கதையை எழுது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. எழுதாதே என்று சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் என் முதலாளி பியோ கிஹ்வான். கொரியாவில், சாங்வொன் நகரத்தில், கார்களுக்கு சைலன்சர் செய்யும் ஆலை வைத்திருப்பவர். நான் அங்கே ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறேன். ஸ்ரீபெரும்புதூருக்கும் வேறு நாலு ஊருக்கும் போகிற சரக்கு என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் தமிழில் கதை எழுதுகிறவள் என்பது ஆலைக்கே தெரியும். யாரும் படித்ததில்லை, அதனால் எல்லோருக்கும் என் மேல் மரியாதை.

"என்னைப் பத்தி எழுதிடாதே, கராசி," என்றார் முதலாளி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுதினாலும் கார் பேரைப் போடாதே," என்றார்.

(என் பெயர் மங்கையர்க்கரசி. சேர்ந்த புதிதில் எல்லோரும் 'மங்' என்று சுருக்கினார்கள். அவர்கள் பாஷையில் மங் என்றால் திவாலாவது. காலையில் ஆலைக்குள் நுழைந்ததும் காதில் விழுகிற முதல் வார்த்தை அதுவாக இருக்கக் கூடாது என்று முதலாளி என் பெயரின் வால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.)

அவர் சொன்னதைத் தடையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பாதி அனுமதி என்று வைத்துக்கொண்டேன். எனவே இந்தக் கதையில் கார்களுக்குப் பெயர் கிடையாது. ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல். இரண்டும் மின்சாரக் கார். இரண்டும் விலையைக் கேட்டால் நாற்காலி தேடுகிற ரகம்.

சைலன்சர் செய்து பிழைக்கிறவர் சைலன்சரே இல்லாத கார் வாங்குகிறார். கதை இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல கதை என்று பெயர் வாங்கியிருக்கும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'பனி விலகாத அந்த அதிகாலையில், பியோ கிஹ்வான் தன் பழைய டீசல் காரின் மீது கை வைத்தபடி நெடுநேரம்

அடித்துவிட்டேன். அவர் அதிகாலையில் எழுந்திருக்கிற ஆள் இல்லை. கார் மேல் கை வைத்து உருகுகிற ஆளும் இல்லை. அந்த டீசல் கார் மலைப்பாதையில் ஒரேயடியாக நின்றுபோன அன்று அதை எட்டி உதைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இரண்டாவது தொடக்கம்:

'உலகமே மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.'

இதைச் சொல்ல நான் எதற்கு, செய்தித்தாள் போதும். ஆனாலும் இந்த மட்டமான வாக்கியத்துக்கு அடியில்தான் கதையின் வேர் இருக்கிறது. எங்கள் பைப்பை வாங்குகிற பெரிய கம்பெனி வரும் வசந்தத்தோடு ஆர்டரை நிறுத்துகிறது. பேட்டரிக்குப் பெட்டி செய்து கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்கிறது. பெட்டி செய்ய ரோபோ போதும். இரண்டாம் கூடத்தில் சைலன்சருக்கு வெல்டிங் வைக்கிற நாற்பது சொச்சம் பேருக்கு வேலை போய்விடும். இது முதலாளிக்கும், அந்தப் பேச்சில் கூட உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியும். முதலாளியின் மனைவிக்கும் தெரியும், அவருக்குத் தெரியாமல் அந்த வீட்டில் எதுவும் நடக்காது.

அந்த நாற்பது பேருக்கும் போர்மேன் தாக் துபோங். அவரிடம் முதலாளி சொல்லியாக வேண்டும். சொல்லவில்லை. கார் பார்க்கப் போனார்.

3

என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சாம்பல் கார் வெளிநாட்டுச் சரக்கு, அதன் இங்கிலீஷ் புத்தகத்தை வாசித்துச் சொல்ல வேண்டுமாம். முதலாளியின் மனைவி மியோக் அம்மா, தன்னை யாரும் அழைக்க வேண்டியதில்லை என்று முன்னாலேயே ஆலை வேனில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

முதல் கடையில் கறுப்புக் காரின் பின்சீட்டில் சாய்ந்து ஒரு பித்தானை அழுத்தினார். கால் மேலே வந்தது, முதுகு பின்னால் போனது.

"ஏங்க, இதையே எடுங்க. வீட்டு சோபாவை வித்துடலாம்."

"ஓட்டப்போறது நான். நீ பின்னாடி படுத்துக்கிட்டா என்னை டிரைவர்னு நினைப்பாங்க."

"நினைக்கட்டுமே. உங்க வீட்டுக்கு வந்தவங்க என்னைச் சமையக்காரின்னு நினைக்கலியா?"

அடுத்த கடையில் சாம்பல். அங்கே விற்பனையாளர் அந்த இரண்டு சொற்களை எடுத்துவிட்டார். கார் வாங்குகிற கொரியர்கள் எல்லோர் வாயிலும் அவை இருக்கும். ஒன்று சுங்ச்சாகம், மற்றது ஹாச்சாகம். ஏறி உட்கார்ந்தால் உடம்புக்குக் கிடைப்பது முதலாவது. இறங்கும்போது தெருவில் நிற்கிறவன் நம்மைப் பார்ப்பானே, அந்தப் பார்வையில் கிடைப்பது இரண்டாவது.

"கறுப்புல சுங்ச்சாகம் நல்லாத்தான் இருக்கும், இல்லேன்னு சொல்லல," என்றார் விற்பனையாளர். "ஆனா ஹாச்சாகம்னா இதுதான் சார். ஓட்டல் வாசல்ல இதுல இருந்து இறங்கிப் பாருங்க, கதவைப் பிடிக்க ரெண்டு பேர் ஓடி வருவாங்க."

முதலாளி சாம்பலில் ஏறி இறங்கினார். மறுபடியும் ஏறினார், மறுபடியும் இறங்கினார். எங்களைத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னார்.

"எப்படி இருக்கு?"

"முட்டிவலிக்காரர் இறங்குற மாதிரி இருக்கு," என்றார் மியோக் அம்மா.

(ஹாச்சாகத்துக்குத் தமிழ் தேடி நான் பட்ட பாடு. இறங்கும் சுகம் என்றால் மாத்திரை விளம்பரம் போலிருக்கிறது. வந்திறங்கும் கெத்து என்பது கிட்டத்தட்ட சரி, தலைப்பில் வைக்கத்தான் கை வரவில்லை. இறங்குகிற முகம், இறங்குமுகம் என்று வைத்தேன். வியாபாரம் இறங்குமுகமாய் இருக்கிறது என்போமே, அந்த அர்த்தம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. [பொய். நான்தான் ஒட்டினேன்.])

4

இங்கேதான் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது.

கார் பார்க்கிற எவரும் முன்பக்கம் பார்ப்பார்கள். முதலாளி பின்பக்கம் போய்க் குந்தினார், அது தொழில் பழக்கம். கறுப்பின் பின்புறம் மொழுமொழுவென்று வெறுமையாக இருந்ததை ஏற்கெனவே பார்த்திருந்தார். சாம்பலின் பின்னால் பளபளவென்று இரண்டு வளையங்கள், அசல் சைலன்சர் வாய் போலவே. ஒன்றில் விரலை விட்டார். பாதி விரல் போய் முட்டிக்கொண்டது.

"இது என்னய்யா?"

"சும்மா அலங்காரம் சார். பின்னாடி ஒண்ணுமே இல்லேன்னா சில பேருக்கு மனசு ஒப்ப மாட்டேங்குது."

"வாய் இருக்கு, தொண்டை இல்ல," என்றார் முதலாளி.

இந்த இடத்தில் அவர் அருவருப்போடு எழுந்து, கறுப்பை எடுக்கிறேன் என்று சொல்ல வேண்டும். காலமெல்லாம் உண்மையான பைப் செய்தவர் பொய்ப் பைப்பைக் கண்டால் அப்படித்தானே சொல்வார்? நான் அப்படித்தான் எழுதியும் வைத்தேன். நடந்தது வேறு. அவர் முகம் தெளிந்துவிட்டது.

"எனக்கு இது புடிச்சிருக்கு," என்றார்.

திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன். சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தாக் கிண்ணத்தை எடுத்துக்கிட்டு பின்னாடி வருவான்ல."

5

புதுக் கார் வந்தால் அங்கே கோசா கொடுப்பார்கள். பன்றித் தலை, பழம், நூல் சுற்றிய கருவாடு, மக்கொல்லி என்கிற அரிசிக் கள். ஆயுத பூஜைக்கு நாம் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதுபோல அவர்கள் நாலு டயருக்கும் கள் ஊற்றுவார்கள். எங்கள் ஆலையில் இன்னொன்று கூடுதல். கடைசிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தாக் காருக்குப் பின்னால் போய் சைலன்சர் வாயில் ஊற்றுவார். நாம் செய்த பொருளுக்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டாமா என்பது அவர் வாதம். அவர் ஊற்றி முடிக்கும்வரை முற்றத்தில் எல்லோரும் இடுப்பை வளைத்துக் குனிந்து நிற்க வேண்டும்.

சாம்பலில் ஊற்றுவதற்கு ஒரு வாயாவது இருக்கிறது. கறுப்பில் ஒன்றும் இல்லை. கறுப்பை வாங்கினால் தாக் கிண்ணத்தோடு வெறும் தகரத்தின் முன்னால் நிற்பார், நாற்பது பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். சாம்பலை வாங்கினால் வசந்தம் வரை தள்ளிப்போடலாம். முதலாளி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது காரை இல்லை.

"அப்போ கோசாவே வேண்டாம்னு சொல்லிடுங்களேன்," என்றேன்.

"கோசா குடுக்காத கார்ல நான் கால் வைக்க மாட்டேன்," என்றார் மியோக் அம்மா. "பேசாம அந்த மனுஷன்கிட்ட சொல்லித் தொலைங்களேன். ஒரே கிண்ணத்துல குடிச்சு வளந்தீங்க, ஒரு வார்த்தை வரமாட்டேங்குது."

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

முதலாளியும் தாக்கும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அங்கே ஒரே வயது என்றால் கூட்டாளி. குடிக்கிற இடத்தில் 'டா' போட்டுப் பேசுவார்கள். ஆலைக் கேட்டைத் தாண்டிவிட்டால் இவர் 'தாக் போர்மேன்', அவர் 'முதலாளி ஐயா'. ஒருநாளும் இருவருக்கும் வாய் தவறியதில்லை.

6

இரண்டு காரையும் வீட்டுக்கு எடுத்துப்போய் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். முதலாளி ஓட்டினார், ஆனால் ஆலைக்குள் கொண்டுவரவில்லை. முக்குக்கு அந்தப் பக்கம் பன்றி சூப் கடையின் பின்புறம் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். இறங்கும் கெத்துக்காகவே செய்த காரிலிருந்து ஆளில்லாத இடமாகப் பார்த்து இறங்கிய மனிதர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

சாம்பலை அங்கே நிறுத்தியிருந்த ஒரு மதியம், அதே கடையில் முதலாளி, தாக், நான் மூவரும் சாப்பிட்டோம். தாக் பின்பக்கம் போய்க் கை கழுவிவிட்டு வந்து, சோற்றை சூப்பில் கவிழ்த்தார்.

"இப்பல்லாம் நடந்து வர்றே. டாக்டர் சொன்னாரா?"

"ஆமாடா. சர்க்கரை."

"நல்லது. முன்னாடி நீ முக்கு திரும்பும்போதே வண்டிச் சத்தம் கேக்கும், பசங்க சிகரெட்டை அணைச்சிருவானுங்க. இப்ப நீ வர்றதே தெரியல. நேத்து ரெண்டு பேர் கையும் களவுமா மாட்டிக்கிட்டானுங்க."

"நான் ஒண்ணும் திட்டலியே."

"அதான் பயந்துட்டானுங்க. என்னவோ நடக்கப்போகுதுன்னு."

முதலாளி ஊறுகாய் முள்ளங்கியை எடுத்து, தின்னாமல் திரும்பக் கிண்ணத்திலேயே வைத்தார்.

"புதுக் கார் எப்போ?" என்றார் தாக்.

"பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதுன்னாலும் வாங்கு. மக்கொல்லிக்கு நான் சொல்லி வச்சாச்சு."

கை கழுவும் இடம் கடைக்குப் பின்னால். கார் நின்றதும் கடைக்குப் பின்னால். தாக் பார்த்தாரா? பார்த்துவிட்டார் என்று எழுதினால் அவர் பெரிய மனுஷராகிவிடுவார், முதலாளி அற்பமாகிவிடுவார். பார்க்கவில்லை என்று எழுதினால் நான் சாமர்த்தியம் காட்டுகிறேன் என்பீர்கள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

7

முடிவுகள்.

சாம்பல் என்றால் இப்படி: தாக் நாலு டயருக்கும் ஊற்றிவிட்டுப் பின்னால் போகிறார். வளையத்தில் ஊற்றுகிறார். கள் உள்ளே போகாமல் முட்டி, அவர் பூட்ஸ் மேலேயே திரும்பி வழிகிறது. 'விபத்தில்லாம ஓடட்டும்' என்கிறார். எல்லோரும் பன்றிக்கறி தின்கிறார்கள். வசந்தம் வருகிறது. எழுதச் சுலபமான முடிவு இது. எழுதிவிட்டு எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கறுப்பு என்றால்: பின்னால் போகிறார். தேடுகிறார். கிண்ணத்தோடு நிமிர்ந்து

இரண்டையும் விடுங்கள். நடந்ததைச் சொல்கிறேன். கோசா நடந்த சனிக்கிழமை முற்றத்தில் நானும் இருந்தேன், நானும் குனிந்திருந்தேன். குனிந்தவர்களுக்குக் காரின் பின்பக்கம் தெரியாது, பூட்ஸ்தான் தெரியும். தாக்கின் பூட்ஸ் முன் டயரிலிருந்து பின் டயருக்குப் போனது. பிறகு காருக்குப் பின்னால் போய் நின்றது. ஊற்றுகிற சத்தம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வரிசையில் முதலில் நின்ற முதலாளியின் கால்கள் நகர்ந்தன. கோசாவுக்கு நடுவில் யாரும் நகரக் கூடாது. அவை நேராகப் பின்னால் போய் தாக்கின் பூட்ஸுக்கு எதிரே நின்றன.

"டேய், துபோங்."

கேட்டுக்குள்ளே, நாற்பது பேர் காதுபட, அப்படிக் கூப்பிட்டார். எனக்குப் பக்கத்தில் குனிந்திருந்த மியோக் அம்மா மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது.

கார் எந்த நிறம் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கார் பேரைப் போடுவதில்லை என்று நான் முதலாளிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதுவும் இனி ஒரு பொருட்டில்லை. அடுத்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். வேலை இல்லை என்பதைக் கூட்டாளியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்கு இரண்டு பாஷையிலும் வரவில்லை. அதனால் அதை உங்களிடம் விடுகிறேன். எதிரே தாக் நிற்கிறார். கிண்ணம் விளிம்புவரை இருக்கிறது, அவர் சிந்தாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள். நீங்கள் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் யாரும் நிமிர முடியாது.