ஓய்ந்திருந்த வரிசை

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. அழைப்புகள் குறைந்திருக்கும் வேளையில் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த கணமே அத்தனை தொலைபேசிகளும் ஒருசேர அலறும் என்பது அங்கிருந்தவர்களின் நம்பிக்கை. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி முதல் நாளே, "இன்னிக்கு அமைதியா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, வேலை முடியும்வரை எல்லாரிடமும் முறைப்பு வாங்கினாள். பொறுப்பாளர் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று சிரிப்பவர்தான். ஆனால் அவரும் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அந்த அறைக்கு இணைய இணைப்பை அமைத்துக்கொண்டிருந்த பொறியாளருக்கு, இந்தச் சட்டத்தைச் சொல்லித்தந்தவள் அவளுடைய நாத்தனார். கணவனின் ஒரே தங்கை. சன்னலோர வரிசையில் முதல் இருக்கை அவளுடையது. "எங்க அண்ணி ஒயர் மாட்ட வராங்க, எல்லாரும் காலைத் தூக்கிக்கோங்க" என்று அறை முழுவதும் கேட்க அறிவிப்பாள். வீட்டில் இருவருக்கும் அடுப்படியில் ஒத்துப்போகாது. இங்கே அண்ணியின் வேலையைப் பற்றி யாராவது வாய் திறந்தால் பாய்ந்து வருவாள்.

வேலை எளிதாகத்தான் தொடங்கியது. அங்கே தொலைபேசிகளும் இணையத்தின் வழியாகத்தான் பேசின. முன்பு ஒரே லைன். அது போனால் அறையே ஊமையாகிவிடும். இப்போது இரண்டு. ஒன்று தெருவுக்கடியில் வரும் கண்ணாடி இழை. மற்றது வேறொரு நிறுவனத்தினுடையது, மொட்டைமாடி ஆன்டெனா வழியாக வருவது. இரண்டும் மூலை அறையில் இணைய வாசலைக் காத்த ஃபயர்வால் பெட்டியில் வந்து சேர்ந்தன. பெட்டிக்கு அவள் இரண்டு கடமைகளை விதித்தாள். இரண்டு லைனும் நன்றாக இருக்கும்போது சுமையைப் பங்கிட வேண்டும்: சன்னல் வரிசைத் தொலைபேசிகள் தெரு லைனில், சுவர் வரிசை மாடி லைனில். ஒன்று செத்தால், அதன் சுமை முழுவதையும் மற்றதன் தலையில் ஏற்ற வேண்டும்.

ஒரு லைன் உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி எப்படி அறியும்? அதன் வழியாக யாரையாவது ஓயாமல் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும். முதலில் அவள் வெகுதூரத்தில் இருந்த ஒரு சர்வரின் முகவரியைக் கொடுத்திருந்தாள். முறையான ஏற்பாடு அதுதான். ஆனால் தூரத்துப் பதில் சில வேளைகளில் தாமதமாக வந்தது. தாமதத்தைச் சாவென்று எடுத்துக்கொண்ட பெட்டி, தொலைபேசிகளை அந்த லைனுக்கும் இந்த லைனுக்குமாகத் தூக்கிப்போட்டது. பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல்கள் பாதியில் அறுந்தன.

பொறுப்பாளர் மூலை அறைக்கே வந்துவிட்டார். "ஏம்மா, லைன் செத்தா மாத்தச் சொன்னேன். தும்மினதுக்கெல்லாம் பாடை கட்டச் சொல்லலையே!"

பெட்டிக்குப் பொறுமை கற்பித்திருக்க வேண்டும்: இத்தனை முறை தொடர்ந்து பதில் வராவிட்டால்தான் சாவு என்று. அந்த எண்ணிக்கையை முடிவு செய்யச் சில நாட்கள் உட்கார்ந்து கவனிக்க வேண்டியிருந்தது. ஒப்படைக்கும் நாளோ நெருங்கிவிட்டது. அவள் முகவரியை மாற்றினாள். தூரத்துச் சர்வருக்குப் பதிலாக, பெட்டிக்கு இரண்டு சாண் கீழே அதே அலமாரியில் இருந்து தெரு லைனை உள்ளே வாங்கிய மோடத்தின் முகவரி. மோடம் கூப்பிட்ட குரலுக்கு உடனே பதில் சொல்லிற்று. பெட்டி அவள் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டிருந்த எச்சரிக்கைகள் நின்றன. எல்லாருக்கும் முன்னால் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை உருவிக் காட்டினாள். தொலைபேசிகள் பிசகாமல் அடுத்த லைனுக்கு மாறின. நாத்தனார்தான் முதலில் கைதட்டினாள். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று அண்ணி நினைத்திருந்தாள். நினைத்ததோடு சரி.

ஒப்படைக்கும் நாளன்று முற்பகலில் அவள் வந்தபோது, கட்டடத்துக்கு முன்னால் வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளத்தின் விளிம்பில், பிய்த்தெறிந்த நரம்பைப் போல, கறுப்புக் கேபிளொன்று துருத்திக்கொண்டிருந்தது. அதன் முனையில் மயிரிழைகள் மின்னின.

"இது என்னதுங்க?"

"பழைய ஒயரும்மா," என்றார் இயந்திரத்தின் மேலிருந்தவர். "எந்தத் தெருவைத் தோண்டினாலும் இதுல பத்து கெடக்கும். எதுக்கு உசுரு இருக்கு, எதுக்கு இல்லன்னு யாரு கண்டா? பாத்துப் போங்க, வழுக்கும்."

அவள் கைபேசியைப் பார்த்தாள். பெட்டியிடமிருந்து எச்சரிக்கை எதுவும் இல்லை. நம்முடையதாக இருந்தால் பெட்டி சொல்லியிருக்கும். பலகையின் மேல் நடந்து பள்ளத்தைக் கடந்தாள்.

அறையில் மின்விசிறியின் சத்தம் கேட்டது. அது அவளுக்கு விநோதமாகப் பட்டது. இத்தனை நாளில் அந்த விசிறிக்குச் சத்தம் உண்டென்றே தெரியாது. சுவர் வரிசையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் அவளைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தாள்.

"அண்ணி, வாயைத் தொறந்துடாதீங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"உங்க மொகமே சொல்லுது. அந்தப் பக்கம் திருப்பிக்கோங்க." நாத்தனார் மேசையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தைக் காட்டினாள். தோல் அறுபடாமல் ஒரே சுருளாக உரிந்திருந்தது. "பாத்தீங்களா? இங்க சேந்ததுல இருந்து ஒரு பழத்தை முழுசா உரிச்சதில்ல. பாதி உரிக்கும்போதே எவனாவது மாடியில இருந்து விழுவான்."

"எவ்வளவு நேரமா இப்படி?"

"ஷ்ஷ்! கண்ணு வைக்காதீங்கன்னா."

அண்ணி சிரிக்கவில்லை. வரிசையை நோக்கினாள். நாத்தனார் மட்டுமல்ல, சன்னலோரத்தில் ஒருவர்கூடப் பேசிக்கொண்டிருக்கவில்லை. ஒருத்தி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தொலைபேசியிலும் சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தில் மின்னிய இழைகள் அவள் நினைவில் எழுந்தன.

கைபேசியை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள்.

அவள் காதில் மணி அடித்தது. அறையில் அடிக்கவில்லை.

அடித்துக்கொண்டே இருந்தது. நாத்தனாரின் தொலைபேசி வாய்மூடிக் கிடந்தது, அடுத்ததும் அப்படியே. காலையில் ஒருமுறை, வெளியே எங்கோ இருந்து அழைப்புகளைப் பங்கிடும் எக்ஸ்சேஞ்சிடம் "இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டவை அவை. மறுபடி சொல்லும் தவணை வரும்வரை பச்சையாகத்தான் எரியும். எக்ஸ்சேஞ்சும் அதை நம்பி அழைப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. அதற்கும் ஒரு சட்டம் உண்டு, நியாயமான சட்டம்: யார் அதிக நேரம் ஓய்ந்திருக்கிறாரோ, அடுத்த அழைப்பு அவருக்கே. செத்த வரிசையைவிட அதிக நேரம் ஓய்ந்திருப்பவர் யார்? ஊரின் அழைப்புகள் எல்லாம் முதலில் அங்கேதான் வந்து, ஓர் ஊமைத் தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, அலுத்து அறுந்துகொண்டிருந்தன. பொறுமை மிகுந்த ஒருசிலர் மட்டுமே சுவர் வரிசையை எட்டினார்கள்.

"என்ன அண்ணி?"

அவள் மூலை அறைக்கு ஓடினாள். பெட்டியின் திரையில் இரண்டு லைனும் நலம் என்றிருந்தது. மோடம் கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தெரு லைனின் கேபிளைப் பிடித்து உருவினாள். அன்று எல்லாரும் கைதட்டிய அதே கேபிள். சுமை முழுவதும் மாடி லைனுக்கு மாறிற்று.

"சன்னல் பக்கம் எல்லாரும் ஃபோனை அணைச்சுட்டு மறுபடி போடுங்க! இப்பவே!"

அவள் குரலில் இருந்த எதுவோ, யாரையும் காரணம் கேட்கவிடவில்லை. விளக்குகள் அணைந்தன. சிவந்தன. மறுபடி பச்சையாயின. பிறகு வரிசை முழுவதும் ஒருசேர அலறியது.

நாத்தனார் எடுத்தாள். குரல் இரு பக்கமும் போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். அண்ணி, பயிற்சிக்காக அந்த மேசையில் வைத்திருந்த இரண்டாவது ஹெட்செட்டைக் காதில் வைத்தாள்.

"ஆம்புலன்ஸ். சொல்லுங்க, யாருக்கு என்ன?"

மூச்சுச் சத்தம் வந்தது. பிறகு வயதான ஓர் ஆணின் குரல். "எடுத்துட்டீங்களா." அதில் கோபம் இல்லை.

"சொல்லுங்கய்யா."

"என் வீட்டுக்காரிக்குங்க. மூச்சு விட முடியலன்னு சொன்னா. நானும் அடிச்சிக்கிட்டே இருந்தேன். மணி போவுது, யாரும் எடுக்கல. 'பாவம், அவங்களுக்கு அங்க எத்தனை வேலையோ, திட்டாதீங்க'ன்னு அவதான் சொன்னா."

"அய்யா, அவங்களைத் தரையில படுக்க வைங்க. உங்க ரெண்டு கையையும் அவங்க நெஞ்சு நடுவுல வச்சு—"

"அவ கை ஜில்லுனு ஆயிடுச்சும்மா."

"பரவால்ல, நான் சொல்றதைச் செய்யுங்க. வண்டி கிளம்புது. அட்ரஸ் மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். கதவு எண், தெரு, அடையாளத்துக்கு ஒரு மரம் என்று தடுமாறாமல் சொன்னார். அதன் பிறகு, "இனிமே அவசரமில்லைங்க," என்றார். "மெதுவாவே வாங்க."

ஒலி தெளிவாக இருந்தது. இரு பக்கமும் கேட்டது. அண்ணி ஹெட்செட்டைக் கழற்றி, ஆரஞ்சுத் தோலின் பக்கத்தில் வைத்தாள்.

அழைப்புகள் ஓரளவு தணிந்தபோது பொறுப்பாளர் வந்தார். "லைன் போயிருந்துச்சாம்மா? அதுக்குத்தானே ரெண்டு லைன் போட்டோம்? பெட்டி ஏன் சொல்லல?"

"பக்கத்துல இருக்கற மோடத்தைத்தான் அது கேட்டுட்டிருந்துச்சு சார். மோடம் நல்லாத்தான் இருந்துச்சு. தெருவுலதான் அறுந்திருக்கு."

"மோடத்தைக் கேக்கச் சொன்னது யாரு?"

"நான்தான்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் தும்மலைப் பற்றியோ பாடையைப் பற்றியோ பேசவில்லை. சன்னலுக்கு வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் மூலை அறைக்குத் திரும்பித் தூரத்து முகவரியை மறுபடி இட்டாள். இத்தனை முறை பதில் வராவிட்டால் சாவு என்று குத்துமதிப்பாகவே ஓர் எண்ணிக்கையும் கொடுத்தாள். கேபிளை மாட்டினாள். மோடம் நலமாகத்தான் இருந்தது; ஆயினும் பெட்டி இம்முறை சற்றுப் பொறுத்திருந்து, தெரு லைன் செத்துவிட்டதென்று அறிவித்தது. மொத்தத்தில் அரைமணி நேர வேலைகூட இல்லை.

வெளியே வந்தபோது அறை மறுபடி ஓய்ந்திருந்தது. இம்முறை அது உண்மையாகவும் இருக்கலாம். அவள் நாத்தனாரின் மேசையருகே போய் நின்றாள். நாத்தனார் நிமிரவில்லை. பழம் உரித்தபடியே கிடந்தது. ஒரு சுளைகூடக் குறையவில்லை.

"சரியாயிடுச்சு," என்றாள் அண்ணி. "இனிமே இப்படி ஆகாது."

நாத்தனார் தன் கைபேசியை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள். எதிரிலிருந்த தொலைபேசி அடித்தது. வைத்தாள்.  பிறகு, அண்ணி அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே, மறுபடி அழுத்தினாள்.