இரண்டு கை பட்டால் திறக்கும் கதவு

வளைகுடா நகரமொன்றின் கராமா பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி அறைக்கதவு, ராமநாதபுரத்துக் கை ஒன்றும் யாழ்ப்பாணத்துக் கை ஒன்றும் சேர்ந்து பட்டால்தான் திறக்கும். குழாயில் தண்ணீர் வருவதும் ஏசி ஓடுவதும் அப்படித்தான். கட்டடத்தில் யாரைக் கேட்டாலும், தண்ணீர்க் கேன் விலை சொல்கிற குரலிலேயே இதையும் சொல்வார்கள்.

முன்பு அங்கே ஏசி ரிமோட்டுக்காக மண்டைகள் உடைந்தன. முனியசாமி, அவன் தம்பி வீரபாண்டி, ராமநாதபுரத்து ஊர்க்காரர்கள் ஒரு பக்கம். பிரவீணனும் அவனுடைய யாழ்ப்பாணத்துக் கூட்டாளிகளும் மறுபக்கம். அறையை உள்வாடகைக்கு விட்டிருந்த செய்கு அலாவுதீன் இரு தரப்பையும் உட்காரவைத்து, கட்டில்கள் சரிபாதி, எதைச் செய்தாலும் இருவர் சம்மதம் என்று பேசி முடித்தார். அதோடு விட்டிருக்கலாம். வாய்ப்பேச்சை எவன் மதிப்பான் என்று முனியசாமிதான் கற்பூரம் ஏற்றச் சொன்னான். "ரெண்டு பக்கமும் கை வைக்காம இந்த ரூம்ல ஒரு துரும்பு அசையக் கூடாது" என்று அடித்துச் சத்தியம் செய்தான். பிரவீணனும் செய்தான். கற்பூரம் அணைந்த கையோடு ஏசியும் நின்றது. அறை அந்தச் சத்தியத்தைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டது.

பிறகு பல வருடம் சண்டையே இல்லை. எங்கோ ஒரு நாட்டில் இரண்டு அணிகள் கூடி அமைத்த அரசு கவிழ்ந்ததாக டிவியில் செய்தி வரும்போதெல்லாம், "என் ரூம வந்து பாக்கச் சொல்லுங்க" என்பார் செய்கு அலாவுதீன். உள்ளே ஒருவனுக்கும் நிம்மதி இல்லை என்பது வேறு கதை. இவர்கள் மீன் பொரிக்க நினைத்தால் அவர்கள் மறுப்பார்கள். அவர்கள் மூட்டைப்பூச்சி மருந்து அடிக்கலாம் என்றால் இவர்கள் மறுப்பார்கள். யார் சம்மதமும் கேட்காமல் பெருகியவை மூட்டைப்பூச்சிகள் மட்டுமே.

போன கோடையில், லீவு நாளில் அடுப்பு முதலில் யாருக்கு என்று முறுக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்தார் மொத்தமாக வெளிநடப்புச் செய்தார்கள். தொலையட்டும் என்று முனியசாமியே கதவில் கை வைத்துக் கொடுத்தான். அவன் ஆட்களும் அவர்களோடு சாப்பிட வெளியே இறங்கினார்கள். அண்ணனும் தம்பியும் மிஞ்சினார்கள். ஏசி இல்லை, தண்ணீர் இல்லை. மத்தியானம் வீரபாண்டிக்கு நெஞ்சை அடைத்தது. முனியசாமி போனை எடுத்தான், வைத்தான். கூப்பிட்டால் அடுப்பை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடும். தம்பியின் உதடு கறுத்த பிறகுதான் கூப்பிட்டான்.

"பிரவீணா, அடுப்ப நீங்களே வச்சுக்கங்கப்பா. தம்பி மூச்சு விட முடியாமக் கெடக்கான், ஓடி வா."

"வாறன் அண்ணை, இந்தா வாறன்."

பிரவீணன் சொல்லிவிட்ட ஆம்புலன்ஸ்தான் முதலில் வந்தது. கதவை உடைத்துப் பார்த்தார்கள், கோடரிதான் மழுங்கியது. பிரவீணன் ஓடிவந்து வெளியிலிருந்து கை வைத்தான், முனியசாமி உள்ளிருந்து வைத்தான். கதவு சத்தமில்லாமல் திறந்தது. அதற்குள் வீரபாண்டி போய்விட்டான்.

உடல் விமானம் ஏறிய அன்று பிரவீணன் தேம்பினான். "அண்ணை, இந்தச் சத்தியத்தை முறிச்சுப்போடுவம். நான் ஓம் எண்டுறன். நீங்களும் சொன்னால் காணும்."

முனியசாமியும் அழுதுகொண்டுதான் இருந்தான். அந்தக் கதவை உடைத்தெறியத்தான் அவனுக்கும் ஆசை. ஆனால் இப்போது தன் பக்கம் ஓர் ஆள் குறைவு. சத்தியமும் போய்விட்டால் நாளைக்கு ரிமோட் யார் கையில் இருக்கும்? பாவி மனிதன், தம்பி மண்ணுக்குள் போகுமுன்னே அதைத்தான் நினைத்தான்.

"யோசிப்போம்" என்றான்.

கட்டில் ஒன்று காலியாகிச் சரிபாதிக் கணக்குக் கெட்டதில் குழாய் அடியோடு வறண்டது. பக்கத்து அறையில் வாளி கடன் வாங்கிக் குளித்தார்கள். முனியசாமியே ஊருக்குப் பேசி, வீரபாண்டியின் மனைவி பூவாயிக்குத் தம்பியான பாலகுருவை வரவழைத்தான். வந்தவன் வீரபாண்டியின் கட்டிலில் பையை வைத்தான்.

"மச்சான் சாகும்போது நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளதான் இருந்தேன்."

பாலகுரு கட்டிலில் போர்வையை விரித்தான். கதவில் எப்படிக் கை வைப்பது என்று பிரவீணன் காட்டிக்கொடுத்தான். இரண்டு நாளில் பழகிவிட்டது. அறையில் இப்போது இரண்டு பக்கமும் சமம். சண்டை எதுவும் இல்லை.