காதுக்கு வெளியே

கண்ணாடி முன் நின்று ஜஹீருன்னிசா இடது காதைத் திருப்பிப் பார்த்தாள். துளையின் ஓரம் சிவந்து தடித்திருந்தது. தொட்டால் வலி தாடை வரை இறங்கியது. முந்தின நாள் பார்த்த டாக்டரம்மா காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ள புண்ணாயிருக்கு. இனிமே காதுக்குள்ள எதுவும் போகக் கூடாது. ஈரம்கூடப் படக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அம்மா ஹலீமா பீ அதைக் கேட்டதிலிருந்து தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் எப்போதும் உருதுதான். கோபம் வந்தால் மட்டும் தமிழுக்கு வந்துவிடுவார். "காத குடுத்து சம்பளம் வாங்கணுமா? இன்னா அப்டி ஒரு வேல? வுட்டுத் தள்ளு."

அது அப்படி விட்டுத் தள்ளக்கூடிய வேலையாக அவளுக்குப் படவில்லை. ஆம்பூரில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் அவள். அவர்கள் தெருவிலிருந்து அலுவலக வேலைக்குப் போகும் முதல் பெண்ணும் அவள்தான். முதலாளி அஹமது பாஷா வருஷத்தில் பாதியை ஜெர்மனியிலும் இத்தாலியிலும் கழிப்பவர். கடிதங்களைக் கையால் எழுத அவருக்குப் பொறுமை கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரிக்கார்டரில் பேசி, அந்தக் குட்டி கேசட்டுகளை ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவார். இங்கே அலுவலகத்தில் அதைப் போட்டுக் கேட்பதற்கென்றே ஒரு மெஷின் இருந்தது. காலடியில் பெடல். அமுக்கினால் முதலாளி பேசுவார், எடுத்தால் நிறுத்துவார். ஹாம்பர்க்கில் ஏதோ ஓட்டல் அறையில் தொடங்கிய ஒரு வாக்கியம் தன் விரல் வழியாக இறங்கித் தாளில் முடிவது அவளுக்கு ஒவ்வொரு முறையும் பிடித்திருந்தது. அவர் இருமினால் அடுத்து விலை வரப்போகிறது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

மெஷினோடு வந்த ஹெட்போன்தான் தொல்லை. டாக்டர்கள் வைத்துக்கொள்ளும் குழாய் மாதிரி கன்னத்துக்குக் கீழே தொங்கும். அதன் இரண்டு முனைகளும் காதுக்குள் போய் அழுத்தி நிற்க வேண்டும். புர்காவைக் கழற்றி மாட்டிவிட்டு, தலையில் துப்பட்டாவோடு உட்காரும் ஜஹீருன்னிசா அதை மாட்டும்போதெல்லாம் துப்பட்டாவைத் தூக்கி, சொருகி, மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. யாராவது கூப்பிட்டால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். சித்திரை வெயிலில் ரப்பர் முனை வேர்வையில் ஊறும். அந்த ஊறலில் வந்ததுதான் இந்தப் புண்.

மேனேஜர் கிருபானந்தம் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் புதிதாக ஒரு சாமான் வாங்க வேண்டும் என்றால் அவருக்கு உடம்பே கூசும். அவள் சொன்னதைக் கேட்டு மெஷினைச் சுற்றிப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த ஸ்பீக்கர் பொத்தானைக் கண்டுபிடித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதான் இருக்கேம்மா. சத்தமா போட்டு அடி. காதுக்கும் நல்லது."

"சார், வெல விவரமெல்லாம் வரும் சார். நாலு பேரு வந்து போற ரூமு."

"எல்லாம் நம்ம ஆளுங்கதானே? சத்தத்த கம்மியா வச்சிக்க."

கம்மியாக வைத்தால் டைப்ரைட்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டினால் அடுத்த மேஜையில் இன்வாய்ஸ் அடிக்கும் அமிர்தவள்ளி, முதலாளி சொல்வதைத் தன் தாளில் அடித்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். குடியாத்தத்திலிருந்து ரயிலில் வந்து போகிறவள் அவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. "முதலாளிய இங்கயே கொண்டாந்து உக்கார வச்சிட்டாருடி நம்ம மேனேஜரு" என்றாள்.

அந்த வாரமே அது நடந்தது. பச்சைத் தோல் தரகர் பச்சையப்பன் மேனேஜரைப் பார்க்க வந்து, சுவரோரம் இருந்த பெஞ்சில் டீயோடு காத்திருந்தார். ஸ்பீக்கரில் முதலாளி ஒரு இத்தாலிக்காரருக்கு ஆங்கிலத்தில் கடிதம் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டென்று இருமினார். ஜஹீருன்னிசாவின் கால் பெடலில் இருந்து எழுவதற்குள் குரல் தமிழுக்கு மாறி மளமளவென்று கொட்டிவிட்டது. "கிருபானந்தம், பச்சையப்பன் வருவான். மொதல்ல பழைய வெலையே சொல்லுங்க. அடம் புடிச்சான்னா தோலுக்கு ரெண்டு ரூபா ஏத்திக் குடுக்கலாம். சரக்கு நமக்கு அவசரம்."

மெஷின் நின்றது. பச்சையப்பன் டீ கிளாஸை மெதுவாகப் பெஞ்சின் மேல் வைத்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார். கிருபானந்தம் தன் அறைக் கதவில் நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்க்க அமிர்தவள்ளிக்கே பாவமாக இருந்தது.

"மொதலாளி சொன்னா சரிதான் சார். ரெண்டு ரூபாவே ஏத்திக் குடுங்க. நான் ஒண்ணும் அடம் புடிக்கல" என்றார் பச்சையப்பன்.

பேரம் அப்படியே முடிந்தது. அவர் போனதும் கிருபானந்தம் அவள் மேஜைக்கு வந்தார். "நிறுத்தக் கூடாதாம்மா?"

"நிறுத்தினேனே சார். காதுல வுழுந்தப்புறம்தானே நிறுத்தணும்னு தெரியும்?"

ஜெர்மனிக்கே எழுதி வேறு ஹெட்போன் வரவழைக்கிறேன் என்றார் அவர். வருவதும் இதே குழாயாகத்தான் இருக்கும் என்றாள் அவள். மெட்ராஸ் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்புகிறேன் என்றார்.

"வேணாம் சார். செருப்புகூடக் கால வச்சிப் பாத்துதான் வாங்கறோம். நானே வேலூர் போய்ப் போட்டுப் பாத்து வாங்கிட்டு வர்றேன். மெஷினையும் எடுத்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் தான் அனுமதி கேட்கவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. கிருபானந்தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்மி வெலையா பாரும்மா" என்று மட்டும் சொன்னார்.

ஹலீமா பீயைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. அமிர்தவள்ளி கூட வருகிறாள் என்ற பிறகுதான் இறங்கி வந்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. "புதுசும் வலிச்சா அதோட வேலைய வுட்டுடணும். அப்புறம் பேச்சே கெடயாது." ஜஹீருன்னிசா சரி என்றாள். அப்படி ஒத்துக்கொண்டதில் அவளுக்குப் பயம் வரவில்லை. தன் காதுக்கு எது பொருந்தும் என்பதைத் தன்னைவிட யார் நன்றாகத் தீர்மானித்துவிட முடியும்?

மெஷினைத் துணிப்பையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் போனாள். முதலாளியின் கேசட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது. அதனால் முந்தின நாள் சாப்பாட்டு நேரத்தில், முதலாளி மேஜையில் கிடந்த பழைய ரிக்கார்டரை எடுத்து ஒரு காலி கேசட்டில் தானே பேசியிருந்தாள். ஒரு கடிதம். அதற்குப் பிறகு, வழக்கமாகத் தன்னைக் குழப்பும் வார்த்தைகள். ஃபிப்டீன், ஃபிப்டி. ஷீப், ஷிப்.

வேலூரில் லாங் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது ஞானசீலனின் ரேடியோ கடை. திறந்து கிடந்த டிரான்சிஸ்டர்களுக்கு நடுவில் இருந்து அவர் எழுந்து வந்தார். ஒரு சின்ன ஒயர்த் துண்டைப் போட்டு மெஷினைத் தன் ஹெட்போன்களோடு சேர்க்க முடியும் என்றார். முதலில் எடுத்து வைத்தது பெரிய கறுப்பு ஜோடி. "ரேடியோ ஸ்டேஷன்ல போட்டுக்கறது. வெளிய இடி இடிச்சாலும் கேக்காது."

அது உண்மைதான். மாட்டிக்கொண்டதும் பஜார் முழுவதும் காணாமல் போனது. ஆனால் அவள் அதைக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பையின் மேல் விரல்களை வைத்து, அடிப்பதுபோல அசைத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் ஒரு ரேடியோவைத் திறந்து மூடும் வரை அப்படியே இருந்தாள். காதைச் சுற்றி வேர்த்தது. பின்கழுத்து கனத்தது.

"எல்லாரும் மாட்டிப் பாத்த ஒடனே இன்னா வெலன்னு கேப்பாங்க. நீ இன்னாம்மா குடித்தனமே பண்றே?" என்றார் ஞானசீலன்.

"அவங்கல்லாம் பாட்டு கேக்கறதுக்கு வாங்கறாங்க. நான் சாயங்காலம் சங்கு ஊதற வரைக்கும் போட்டுக்கணும்."

அடுத்தது கம்மி விலை. தகட்டு வளையம் இரண்டு பக்க நெற்றிப் பொட்டையும் இடுக்கியாகப் பிடித்தது. எடுக்கும்போது துப்பட்டா நூலையும் இழுத்துக்கொண்டு வந்தது. அமிர்தவள்ளி வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தாள். கனகாம்பரம் உதிர்ந்ததுதான் மிச்சம். "இத மேனேஜருக்கு வாங்கிட்டுப் போலாம்டி" என்றாள்.

கண்ணாடி அலமாரியின் மூலையில் ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு வைத்த ஒன்று கிடந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செட்டில் இருந்தது, செட் பழுதாகிவிட்டது, இது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றார் ஞானசீலன். மெல்லிய கம்பி வளையம். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. ஜஹீருன்னிசா துப்பட்டாவை விலக்கவில்லை. அதன் மேலேயே மாட்டினாள்.

"துணி மேலயா? கேக்காதும்மா."

"கேக்குதா இல்லியான்னு நான் சொல்றேன்."

பெடலைக் கையால் அமுக்கினாள். துப்பட்டாத் துணியின் வழியாக ஒரு பெண் பேசினாள். ஃபிப்டீன். ஃபிப்டி. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. பின்னோக்கி ஓட்டிக் கடிதத்தைக் கேட்டாள். நடுங்காத, அவசரப்படாத குரல். சரக்கு எந்தத் தேதியில் கப்பல் ஏறும், அதற்குள் பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்று யாருக்கோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்படிப் பேசுகிற ஒருத்தி தனக்குள் இருப்பதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவள் கடிதத்தை முழுவதும் கேட்டாள். பிறகு காதைத் தொட்டுப் பார்த்தாள். வலிக்கவில்லை. அமிர்தவள்ளி ஏதோ கேட்டாள். மாட்டியதைக் கழற்றாமலேயே அது அவளுக்குக் கேட்டது. யாராவது கூப்பிட்டால் இனி எடுக்க வேண்டியதில்லை.

"இதுதான்" என்றாள்.

விலை கிருபானந்தம் கொடுத்தனுப்பியதைவிடச் சற்று மேலே போனது. பெட்டி இல்லை, கேரண்டி இல்லை, பாதி செட்டுக்கு முழு விலையா என்று அவள் கேட்டாள். ஞானசீலன் அமிர்தவள்ளியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். அவர் சிரித்துவிட்டு இறங்கி வந்தார். மெஷினுக்குப் பொருந்தும் முனையைப் பற்றவைத்துக் கொடுத்தார். தேய்ந்தால் மாற்ற இன்னொரு ஜோடி ஸ்பாஞ்சும் போட்டார்.

அடுத்த வாரம் முதலாளியின் கேசட்டுகள் மொத்தமாக வந்தன. ஜஹீருன்னிசா காலையில் மாட்டினால் மத்தியானம்தான் எடுத்தாள். காதின் சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. கிருபானந்தம் இரண்டு முறை வந்து நின்று, எதையும் கேட்காமல் திரும்பிப் போனார்.

ஒரு மத்தியானம் ஹலீமா பீ அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பக்கத்துக் கடைக்கு வந்தேன் என்றார். அவர் கண்கள் நேராக மகளின் காதுக்குப் போயின. துப்பட்டா கலையாமல் இருப்பதையும் பார்த்தார். "நெஜமா வலிக்கலியா?"

ஜஹீருன்னிசா நாற்காலியிலிருந்து எழுந்து அம்மாவை அதில் உட்கார வைத்தாள். புர்காவின் மேல் ஆரஞ்சு ஸ்பாஞ்சுகளைப் பொருத்தி, பெடலைத் தன் காலால் அமுக்கினாள். முதலாளியின் குரல் காதில் விழுந்ததும் ஹலீமா பீ முதலில் திடுக்கிட்டு மெஷினைப் பார்த்தார். அப்புறம் யார் பேசுவது என்று தேடுவதுபோல மேலே பார்த்தார். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாதவர், கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைச் சாய்த்துக் கேட்கத் தொடங்கினார்.

"போதும் அம்மீ, எனக்கு வேல இருக்கு" என்று ஜஹீருன்னிசா தோளைத் தொட்டாள். ஹலீமா பீ திரும்பாமலேயே, சும்மா இரு என்பதுபோல் ஒரு கையை உயர்த்தினார்.