மூன்றாவது அடுக்கு

நானூற்றுப் பதினோரு நாட்கள். பிளந்து, தகரம் மூடி, காற்றோட்டமாக அடுக்கிவைத்த செம்மேப்பிள் விறகு காய்வதற்கு அது தாராளம். ஆனாலும் மூன்றாவது அடுக்கிலிருந்து எடுத்த கட்டை அடுப்பில் சீறியது. வெட்டுமுகத்தில் நுரை தள்ளியது.

நீளத் தட்டில் பொங்கிக்கொண்டிருந்த மேப்பிள் சாறு அடங்கத் தொடங்கியது. வெளியே சாற்றுத் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது.

"என்னய்யா ஓரின், பாகு காய்ச்சுறியா, குளிக்க வெந்நீர் போடுறியா?" என்றாள் கொட்டகைக்காரி ஹெஸ்டர், கையில் கரண்டியோடு.

"இந்த அடுக்கு வேணாம்னு காலையிலயே சொன்னேனேம்மா. அடுத்த வருஷத்துக்கு வச்சிருந்தேன்."

"மத்த ரெண்டும் தீந்துபோச்சு. பின்ன எதை எரிக்க, உன் தொப்பியையா? எல்லாம் ஒரே வாரத்துல வெட்டின விறகு. அது காயும், இது காயாதா?"

ஓரின் அடுப்பின் கதவைத் திறந்தார். பதினாறு ஆண்டுகளாக அந்த அடுப்பு அவர் பொறுப்பு.

ஹெஸ்டரின் மருமகள் டெல்ஃபின் சாறு வடிகட்டியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கட்டைகளை மோதுவார். கணீரென்றால் அடுப்புக்கு, பொத்தென்றால் திரும்ப அடுக்குக்கு. எந்த மேப்பிள் என்பதைக் கையில் ஏந்திய கனத்திலேயே சொல்லிவிடுவார். வந்த புதிதில் அவளுக்கு நம்பிக்கையில்லை. புல்தரைப் பாசியைக் கொல்ல வாங்கிய இரும்பு சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து, பன்னிரண்டு சில்லுகளில் சொட்டுவிட்டாள். சர்க்கரை மேப்பிள் பச்சையாகும், செம்மேப்பிள் கருநீலமாகும். பன்னிரண்டும் அவர் சொன்னபடியே நிறம் மாறின. "மருந்து நல்லா வேலை செய்யுதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவர் இப்போது அடுத்த கட்டையை எடுத்தார். புரட்டிய கணத்தில் அவள் பார்த்துவிட்டாள். மரத்துக்குள் கட்டைவிரல் அகலத்தில் பழுப்புக் கோடு. சாறெடுக்கத் துளைத்த இடம் ஆறிய தழும்பு. இந்தத் தோப்பில் செம்மேப்பிளைத் துளைப்பதில்லை. சர்க்கரை மேப்பிளை மட்டும்தான். அதன் விறகு காய இரண்டு கோடை வேண்டும்.

ஓரின் தழும்புப் பக்கத்தைக் கீழே வைத்துக் கட்டையை நெருப்புக்குள் தள்ளினார்.

அவள் திரும்பி அடுக்கைப் பார்த்தாள். மற்ற இரண்டு அடுக்குகளும் வந்தபடி அடுக்கியவை. இதில் மட்டும் ஒவ்வொரு கட்டையும் பட்டை வெளியே தெரிய, உள்முகம் சுவரைப் பார்க்க இருந்தது. ஒரே மரத்து விறகு முழுவதும். அடுக்கிய நாளிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெட்டிக் கழிக்க வேண்டிய செம்மேப்பிள்களுக்கு நீலப் பூச்சு அடிக்கும் வேலை போன ஆண்டு ஜனவரியில் அவளுக்கு வந்தது. இலை உதிர்ந்த காலத்தில் கிளையின் மொட்டைப் பார்த்துத்தான் எந்த மேப்பிள் என்று சொல்ல முடியும்; அன்று பனி முகத்தில் அறைந்தது. கூலிக்கு வந்தவர்கள் நீலம் கண்ட மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனார்கள். ஏப்ரலில், மேட்டோரம் ஒரு வெட்டிய அடிமரத்தின் மேல் அவள் கிளைகளை இழுத்துப் போட்டு மூடினாள். யாரிடமும் சொல்லவில்லை.

தட்டில் கொதி நின்றது.

"போச்சு, மெதுவா காஞ்சதுல பாகு கறுத்துப்போச்சு" என்றாள் ஹெஸ்டர். "விறகு அடுக்கத் தெரியாதவனை அடுப்புல வச்சது என் தப்பு. அடுத்த மார்ச்சுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

ஓரின் கையுறையைக் கழற்றினார். "சரிம்மா. இன்னைக்குள்ளத முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்." வேலியோரம் கிடந்த பழைய கம்பங்களை எரிக்க எடுத்துவரக் கிளம்பினார்.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் டெல்ஃபின். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். இருவரும் திரும்பினார்கள்.

"நீ பேசாம இரும்மா" என்றார் ஓரின், அவசரமாக.

அவள் அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவி, தழும்பு மேலே தெரிய ஹெஸ்டரின் கையில் கொடுத்தாள்.

"அத்தை, இது செம்மேப்பிள் இல்ல. நம்ம சர்க்கரை மேப்பிள். மொட்டைப் பாக்காம நீலம் அடிச்சது நான்."