ஒட்டாத பவளம்

கடலோடிகளான எங்கள் பஜாவ் இனத்தாரின் வீடுகள் கடலுக்குள் கால் ஊன்றி நிற்பவை. நீர் முழங்காலளவுக்கு வற்றிய காலையில் என் வீட்டடியில் நின்ற அதிகாரி விராவான், உள்ளங்கையளவு காளான் பவளம் ஒன்றைக் காலால் தள்ளினார். அது நகர்ந்தது.

"பாறையில ஒட்டல. செத்த கல்லு," என்றவர், இங்கே உயிருள்ள பவளமே இல்லை, படகுத்துறை கட்டலாம் என்று அறிக்கையில் எழுதினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வளர்ந்த காளான் பவளம் எதுலயும் ஒட்டாது சார். அடியைப் பார்த்துத்தான் என்ன ஜாதின்னு சொல்லணும்." தண்ணீருக்குள்ளேயே அதைக் கவிழ்த்து, அடியில் வரிவரியாக இருந்த முட்களைக் காட்டினேன்.

"முள்ளு இருந்தா உயிர் இருக்கா?"

"இப்படியே கிடக்கட்டும். தானா நிமிரும், பாருங்க."

"ஏம்மா சனிபா, எனக்கு வேற வேலை இல்லையா?"

அவர் படகின் துடுப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டு ஏணியில் ஏறி உட்கார்ந்தேன். "நீச்சல் தெரிஞ்சா கிளம்புங்க."

திட்டிக்கொண்டே படகில் உட்கார்ந்திருந்தார். நீர் ஏறியது. மதியம் தாண்டி, பவளம் சதை உப்பி, ஒரு பக்கமாக எழும்பி, புரண்டு நிமிர்ந்தது.

விராவான் துடுப்புக்குக் கை நீட்டினார்.

"முதல்ல எழுதினதை அடிங்க. படகுலயே திரிஞ்ச எங்களையும் ஊரில்லாத ஜனம்னுதான் எழுதினாங்க. இப்ப யாரு வீட்டு வாசல்ல கை நீட்டுறீங்க?"