சாயம் போகாத கம்பளி

கொடியில் வெள்ளைத் துணிகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. குழந்தையின் இடுப்பில் கட்டும் துணிகள். அவற்றுக்கு மேலே போடும் கம்பளி உறைகள் மட்டும் வெயில் படாத மூலையில், ஒரு நாற்காலியின் முதுகில் விரித்துக் கிடந்தன. கையால் பின்னிய கருஞ்சிவப்பு உறைகள். பார்க்கக் குட்டிக் கால்சட்டை போல இருக்கும். உள்ளே துணி நனைந்தாலும் தூக்கி வைத்திருப்பவரின் மடி நனையாது.

பின்னியவள் குழந்தையின் அத்தை. ஸ்வெட்டர் தொழிற்சாலையில் செக்கர் வேலை. பின்னலில் கண்ணி விட்டுப்போன துணிகளை ஒதுக்கித் தள்ளிப் பழகிய கை வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. சோறு குழைந்தால் ரிஜெக்ட், தம்பி வாங்கி வந்த தக்காளி ரிஜெக்ட், கட்டிய புருஷனே அவள் கணக்கில் பாதி ரிஜெக்ட்தான். உறவில் எல்லோரும் அவளைச் செக்கர் என்றே சொன்னார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

தன் மகளுக்குப் பின்னிய உறைகளை, மகள் வளர்ந்த பிறகு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தாள். தம்பிக்கு மகன் பிறந்ததும் பெட்டியைத் திறந்தாள். ஒரு நூலைக்கூடப் பூச்சி தொடவில்லை. அந்தப் பெருமை முகத்தில் வழிய, ஈரம் கசியாமலிருக்க ஆட்டு ரோமக் கொழுப்பை உருக்கித் தடவி, தம்பி மனைவியின் கையில் கொடுத்தாள். கூடவே சட்டமும் கொடுத்தாள்.

“இத தெனமும் தொவைக்கக் கூடாது. ஈரமானா நெழல்ல காத்தாடப் போடு, அதுவே சரியாயிடும். அசிங்கம் பட்டா மட்டும் பச்சத் தண்ணில அலசு. வெந்நீர் பட்டா சுருங்கி பொம்மைக்குத்தான் ஆகும். முறுக்கிப் பிழிஞ்சே, கைய ஒடிச்சிடுவேன்.”

சட்டத்தில் தப்பில்லை. கம்பளியை அப்படித்தான் பராமரிக்க வேண்டும். ஆனால் பெட்டியைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வார்த்தையும் இல்லை.

தம்பி மனைவி பிள்ளை பெறும் வரை பேக்கரியில் வேலை பார்த்தவள். அடுப்பில் ரொட்டி தீய்வதைத் தெருமுனையிலேயே கண்டுபிடிக்கும் மூக்கு. தம்பியோ வீடுகளுக்கு வர்ணம் அடிக்கும் பெயிண்டர். தின்னர் நெடியிலேயே ஊறிப்போன அவன் மூக்குக்கு ரோஜாவும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

“என்னங்க, இதுல ஒரு மாதிரி நெடி அடிக்குது. மடியில போட்டு பால் குடுக்குறப்ப எனக்கே தலைய வலிக்குது.”

பெயிண்டர் உறையை வாங்கி முகர்ந்து பார்த்தான். “எனக்கு ஒண்ணும் தெரியல. பெட்டி வாசனையா இருக்கும். அக்காகிட்ட மட்டும் கேட்டுத் தொலைக்காத. கொற சொன்னேன்னு நம்ம வாசலையே மிதிக்க மாட்டா.”

“தொவைச்சிட்டுப் போடட்டுமா?”

“தொவைக்கக் கூடாதுன்னுதான சொன்னா? வந்து பாத்தா தெரிஞ்சிடும்.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். குடும்பத்தில் நல்ல பெயர் எடுப்பதற்காக நாம் விழுங்கி வைக்கிற வார்த்தைகள் கொஞ்சமா? அவையெல்லாம் செரித்துவிடும் என்றுதான் நினைக்கிறோம்.

குழந்தை அழுவது குறைந்தது. “தங்கமான புள்ள, சத்தமே காணோம்” என்று பார்க்க வந்தவர்கள் மெச்சினார்கள். பால் குடிக்கும்போதே தூங்கிப்போனது. கன்னத்தில் மஞ்சள் ஏறியது. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வருவது சகஜம், இளவெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள். காட்டினாள். வெயில் போனது, மஞ்சள் போகவில்லை.

பிறகு துணியில் கறை வந்தது. குழந்தை சிறுநீர் கழித்த வெள்ளைத் துணியில், பால் ஊற்றாத தேநீரின் நிறத்தில் ஒரு வட்டம். அலசிப் போட்டாள். அடுத்த துணியிலும் அதே வட்டம், இன்னும் கருப்பாக.

“கம்பளி சாயம் போகுதுங்க” என்றாள் கணவனிடம். அவனுக்கும் அப்படித்தான் பட்டது. வர்ணம் அவன் தொழிலாயிற்றே. கறையைப் பார்த்ததும் சாயம் என்றுதான் தோன்றும்.

கெட்ட நேரமோ நல்ல நேரமோ, அந்தப் பேச்சு நடக்கும்போதே செக்கர் உள்ளே நுழைந்தாள்.

“சாயமா? என் நூல்லயா?”

யாரும் பதில் சொல்வதற்குள் வெள்ளைப் பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து, நாற்காலி மேல் கிடந்த உறையை அதில் அமுக்கினாள். உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாள், விட்டாள், மறுபடி அழுத்தினாள்.

“வந்து பாருங்க ரெண்டு பேரும். ஒரு சொட்டு எறங்குதா?”

தண்ணீர் பளிங்காக இருந்தது. “அக்கா ஜெயிச்சிட்டாப்பா” என்று பெயிண்டர் சிரித்தான். சண்டை வராமல் போனதே என்ற நிம்மதி அவனுக்கு.

அவன் மனைவி பேசினைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கறைத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப இது எங்கேருந்து வந்துச்சு, அண்ணி?”

செக்கரின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது. சாயம் இல்லையென்றால் அந்தக் கறை குழந்தையின் உடம்பிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். உள் அறையில் குழந்தையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூவரும் ஓடினார்கள்.

மருத்துவமனையில் டாக்டரம்மா கறைத் துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, குழந்தையின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது, உதடு வெளுத்திருந்தது. குனிந்தவர் மூக்கில் நெடி ஏற, சட்டென்று நிமிர்ந்தார்.

“பாச்சை உருண்டை போட்டு வச்ச துணியா இது?”

“ஆமா டாக்டர்” என்றாள் செக்கர். “பூச்சி அரிக்கக் கூடாதுன்னு பெட்டியில கை கையா அள்ளிப் போட்டிருந்தேன்.”

“முதல்ல கழட்டுங்க அதை. சில பிள்ளைங்க ரத்தத்துக்கு அந்த உருண்டை ஆகவே ஆகாது. பிறவியிலேயே அப்படி, வெளிய பாத்தா தெரியாது. நெடி பட்டாலே சிவப்பணு உடைய ஆரம்பிச்சிடும். துணியில நீங்க பாத்த நிறம் அதோடதுதான். இதுல கொழுப்பு வேற தடவியிருக்கீங்க. தோல் வழியாவும் உள்ள போயிருக்கும்.”

“எம் பொண்ணுக்கும் புதுசாப் பின்னி இதைத்தான போட்டேன்? அவளுக்கு ஒண்ணும் ஆகலையே?”

“அப்ப இது பெட்டிக்குள்ள போகலையேம்மா.”

ரத்தம் ஏற்றினார்கள். மஞ்சளை இறக்கும் நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டி, வெற்றுடம்பாகக் குழந்தையைக் கிடத்தினார்கள். கடைசியில் டாக்டரம்மா வெளியே வந்து, இனி உயிருக்குப் பயமில்லை என்றார். மஞ்சள் மூளைவரை எட்டியிருந்தால் காது கேட்பதில் குறை வரலாம், அதைப் போகப் போகத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

உள்ளே போய்ப் பார்க்க அனுமதித்தபோது, செக்கரின் இடுப்பில் செருகியிருந்த பெட்டிச் சாவி நழுவித் தரையில் விழுந்தது. கணீரென்ற சத்தம். மூவரும் சாவியைப் பார்க்கவில்லை, குழந்தையைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. அசந்த தூக்கமாகவும் இருக்கலாம்.

தாய்க்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “அந்த நெடி எனக்கு மொத நாளே அடிச்சுது, அண்ணி.”

“ஏம்மா சொல்லல?”

அவள் கணவனைப் பார்த்தாள். “நான்தான் வேணாம்னேன்” என்றான் பெயிண்டர். “நீ கோச்சுக்குவேன்னு.”

செக்கர் குனிந்து சாவியை எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“ஊர்ல உள்ள துணியெல்லாம் பிரிச்சு ஓட்டை கண்டுபிடிச்சேன். என்கிட்ட வாய் தொறக்கவே பயப்படுற மாதிரி ஒரு வீட்டை வச்சிருந்தேனே, அந்த ஓட்டை என் கண்ணுக்குத் தெரியல. பூச்சியக் கொல்றது புள்ளையயும் கொல்லும்னு எனக்குத் தோணல. உனக்கு நெடி தெரிஞ்சுது, நீ சொல்லல. ரெண்டும் தப்புதாம்மா. இனிமே புள்ளத் துணி இருக்குற பெட்டியில அந்த உருண்டைய வைக்க மாட்டேன், வைக்கிறவங்களையும் விட மாட்டேன். நீயும் ஒண்ணு கேட்டுக்க. புள்ள விஷயத்துல சந்தேகம்னு வந்துட்டா பெரியவ, மூத்தவன்னு பாக்காத. மூஞ்சிக்கு நேரா சொல்லிடு. கோச்சுக்கிட்டுப் போனவ நாலு நாள்ல திரும்பி வந்துடுவா. புள்ள போனா வருமா?”